டத்தோ பட்டம் வாங்காத பெரியவர்

ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் பினாங்கு ஆளுநரின் பிறந்தநாளையொட்டிப் பட்டப் பட்டியல் வெளியாகிறது. அதற்குப் பிறகு தமிழ் நாளேடுகளைத் திறந்தால் வாழ்த்து விளம்பரங்கள்தாம். கோயில் தலைவர் டத்தோ ஆகிறார், குத்தகைக்காரர் டத்தோ ஆகிறார், கட்சிக் கிளைக்கு நாற்காலி வாங்கித் தந்தவர்கூட ஏதோ ஒரு பதக்கத்தைக் குத்திக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்கிறார். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு என்று ஒரு நாள்கூடக் கடையடைக்காமல் இந்தத் தீவில் உழைத்து வரும் உங்களை மட்டும் எவரும் பரிந்துரைப்பதில்லை. எச்ஐவி பயம் என்ற திருநாமத்தை மேடையில் வாசிக்கக் கூச்சப்படுகிறார்கள் போலும். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. பரிந்துரைக் கடிதத்தை நானே எழுதிவிடுகிறேன்.

உங்களைப் புகழ்வதென்றால் முதலில் உங்கள் முதலாளியின் கையாலாகாத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். எச்ஐவி கிருமி இருக்கிறதே, அதைப் போல வசதி பார்க்கும் பிறவி வேறில்லை. அதற்கு ரத்தம் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் விந்து, பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ சுரக்கும் நீர், தாய்ப்பால் இவற்றில் ஒன்று வேண்டும். அதுவும் நேரே உடம்புக்குள் போய்ச் சேர வேண்டும். எச்சில் உதவாது, வியர்வை உதவாது, கண்ணீர் உதவாது. வெளிக்காற்றில் காய்ந்தால் செயலிழந்துவிடும். கொசுவின் வயிற்றுக்குள் போனால் செரித்து ஒழிந்துவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மருந்து எடுக்காத தொற்றாளருடன் ஆணுறை இல்லாமல் ஒரு முறை உறவுகொண்டால், பிறப்புறுப்பு வழியில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 4, பெண்ணுக்கு 8. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் 63. ஆசனவாய் வழியில் ஏற்பவருக்கு 138. கடித்ததாலும் துப்பியதாலும் வருவது கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. முறை கூடக் கூட இதுவும் கூடும், வேறு பால்வினை நோய் இருந்தால் இன்னும் கூடும். அதை மறுக்கவில்லை. ஆனாலும் இத்தனை நிபந்தனை போடுகிற ஒரு கிருமிக்கு, எந்த நிபந்தனையும் இல்லாத நீங்கள் கைகட்டி வேலை பார்ப்பது உங்கள் பெருந்தன்மை.

ஆம், உங்களுக்கு ரத்தமும் வேண்டாம் விந்தும் வேண்டாம். ஒரு முத்தம் போதும். மசாஜ் செய்தவரின் விரல் நகம் போதும். லிட்டில் இந்தியாவில் முடிதிருத்துபவர் கண்ணெதிரே புது பிளேடை உடைத்து மாட்டியிருந்தாலும் போதும். ஆணுறை கிழியாமல், நழுவாமல், கடைசிவரை இருந்தது என்று அந்த மனிதருக்கே தெரிந்திருந்தால்கூடப் போதும். “கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்திருந்தால்?” என்று காதோரம் கேட்பீர்கள். கேள்விக்குறி ஒன்றை மட்டும் மூலதனமாக வைத்து இவ்வளவு பெரிய தொழில் நடத்தும் வல்லமை இந்த ஊர்ச் செட்டியார்களுக்குக்கூட இருந்ததில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் முப்பத்துச் சொச்சம் வயதுக்காரரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இவர் ஒருவரல்லர். சம்பளம் போட்ட வாரம், நண்பர்கள், கொஞ்சம் பீர், அதன் பிறகு ஒரு மசாஜ் சென்டர். உள்ளே நடந்தது கைவேலையோடு முடிந்தது. கிருமியைக் கேட்டால், “இதில் எனக்கு என்ன வேலை?” என்று கொட்டாவி விட்டிருக்கும். நீங்கள் அன்றிரவே அவருடைய மோட்டாரில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள்.

அதற்கடுத்த நாள்களில் அவர் உடம்பில் நீங்கள் காட்டும் கைத்திறனை நான் எத்தனை முறை வியந்தாலும் தகும். இரவில் வியர்த்தது என்கிறார். ஐயா, இது பினாங்கு. கடலோரம், மின்விசிறி, ராத்திரியிலும் விடாத புழுக்கம். இங்கே இரவில் வியர்க்காதவர்கள் ஏர்கோன் வாங்கியவர்கள் மட்டுமே. ஆனால் நீங்கள் தொட்டதும் அந்த வியர்வை நோய்க்குறி ஆகிவிடுகிறது. முந்தின நாள் நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் கலந்து குவா பாஞ்சிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, காலையில் வயிறு கலங்கினால் அதற்கும் நீங்கள் பொறுப்பேற்கிறீர்கள். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளுக்கு நாற்பது தடவை அமுக்கச் சொல்கிறீர்கள். நாற்பது தடவை அமுக்கினால் யார் கழுத்தும் வலிக்கும். வலித்ததும், “பார்த்தாயா?” என்கிறீர்கள். கைப்பேசி விளக்கைப் பிடித்து நாக்கைப் பார்க்கச் சொல்கிறீர்கள். அதில் வெள்ளை படர்ந்திருக்கிறது. காப்பிக்கடைக் கோப்பியைக் கெட்டிப் பாலோடு குடித்த எவர் நாக்கில்தான் படரவில்லை? கவலையில் சோறு இறங்கவில்லை, எடை குறைந்தது, அந்த எடைக்குறைவையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டீர்கள். தான் உண்டாக்கிய ஆதாரத்தைத் தானே கண்டுபிடித்து, தானே சாட்சி சொல்லி, தானே தீர்ப்பும் எழுதும் நீதிமன்றம் உங்களுடையது. அப்பீல் கிடையாது.

இந்தத் தீவில் கொசுவால் உண்மையிலேயே வரும் நோய் ஒன்று உண்டு, டெங்கி. வீட்டுக்குப் பின்னால் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. அதைக் கவிழ்த்துவிட அவருக்கு நேரமில்லை. கொசு கடித்தால் எச்ஐவி வருமா என்று தேடிக்கொண்டிருக்கிறார். மனித கவனத்தை இவ்வளவு சிக்கனமாக ஒரே இடத்தில் குவிக்க உங்களைத் தவிர யாரால் முடியும்?

உங்கள் நேரந்தவறாமைக்குத் தனிப் பதக்கம் வேண்டும். உண்மையான ஆபத்து நேர்ந்தவருக்கு மருத்துவம் ஒரு வழி வைத்திருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் வந்தால் 28 நாள் மாத்திரை கொடுத்துத் தொற்றைத் தடுக்கப் பார்க்கலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. அந்த மூன்று நாளும் நீங்கள் அவர் வாயைப் பொத்திவிடுகிறீர்கள். “டாக்டரிடம் எப்படிச் சொல்வாய்? அங்கே கௌண்டரில் இருப்பது உன் அத்தை மகளின் தோழி அல்லவா?” மூன்று நாள் கழிந்ததும் கையை எடுக்கிறீர்கள். அதன் பிறகு அவர் பேசிக்கொண்டே இருக்கலாம். மாத்திரையால் பயன் இருந்தபோது தடுத்தீர்கள், பயன் போன பிறகு விடுவித்தீர்கள். எங்கள் சூப்பர்வைசரைப் போல மாத்திரையே தேவைப்படாதவரை மட்டும் முதல் நாளிலிருந்தே ஓட விடுகிறீர்கள். ஆளறிந்து நடத்துவது என்றால் இதுதான்.

சோதனைக் கதைக்கு வருவோம். அரசாங்க கிளினிக்கில் மலேசியருக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். எச்ஐவி சோதனையைப் பெயர் சொல்லாமலே செய்துகொள்ளலாம். இது உங்களுக்குப் பிடிக்காது, கௌரவக் குறைவு. ஆகவே அவரைக் கடல் தாண்ட வைக்கிறீர்கள். 1985-இல் திறந்த முதல் பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர், 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். பட்டர்வொர்த்தில் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று சுங்கைப் பட்டாணிவரை போகச் சொல்கிறீர்கள். இந்தோனேசியாவிலிருந்து மருத்துவத்துக்காக மக்கள் பினாங்குக்கு விமானம் ஏறி வருகிறார்கள். பினாங்குக்காரர் மருத்துவத்துக்காக ஊரைவிட்டு ஓடுகிறார். உள்நாட்டுச் சுற்றுலாத்துறை உங்களைக் கவனிக்காதது ஆச்சரியம்.

முடிவு வருகிறது. நெகட்டிவ். அந்தத் தாளை வாங்கிய நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். காருக்கு வந்து சேரும்வரை நிம்மதியாக இருக்கிறார். நீங்கள் காருக்குள் காத்திருக்கிறீர்கள்.

இப்போது நடைமுறையில் உள்ள நான்காம் தலைமுறைச் சோதனை, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளையும் கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்தே தேடுகிறது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் இந்தச் சோதனைக்கு 45 நாள் போதும் என்பது பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டல். எதிர்ப்புப் பொருளை மட்டும் பார்க்கும் துரிதச் சோதனை என்றால் 90 நாள். கிருமி இந்தக் கெடுவுக்குக் கட்டுப்படுகிறது. பாவம், அதற்கு வேறு வழி தெரியாது. நீங்கள் கெடுவை நீட்டிக்கிறீர்கள். 45 நாளில் நெகட்டிவ் என்றால் மூன்று மாதம் ஆகட்டும். மூன்று மாதத்தில் நெகட்டிவ் என்றால் ஆறு மாதம். ஆறு மாதமும் கடந்தால் ரத்தக் குப்பி மாறியிருக்கலாம், லேப் பையன் கைப்பேசி பார்த்துக்கொண்டே லேபல் ஒட்டியிருக்கலாம், தன் உடம்பு எதிர்ப்புப் பொருளே சுரக்காத அபூர்வப் பிறவியாக இருக்கலாம். சராசரி மனிதராகவே வாழ்ந்த ஒருவரை மருத்துவ வரலாறு காணாத அதிசயம் என்று நம்ப வைக்கிறீர்களே, இதைவிட ஒருவருக்கு என்ன மரியாதை செய்ய முடியும்?

முருகனையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. தண்ணீர்மலைக்கு நேர்த்தி ஆகிவிட்டது. நெகட்டிவ் வந்தால் அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி, ரதம் வரும் வழியில் நூற்றெட்டுத் தேங்காய். வந்தது. ஐந்நூறு படிக்கு மேல் காவடியோடு ஏறினார், தேங்காயும் உடைத்தார். இறங்கும்போது தோளில் அலகு குத்திய இடத்தைப் பார்த்து, “இந்த அலகை வேறு யாருக்காவது குத்தியிருப்பார்களோ?” என்று நீங்கள் கேட்டீர்கள் பாருங்கள், அங்கே நான் உங்களை எழுந்து நின்று கும்பிட்டேன்.

வீட்டில் நடப்பதை விரிவாக எழுத மனம் வரவில்லை, ஆனாலும் உங்கள் சாதனைகளில் அது சேராமல் போகக்கூடாது. துண்டைத் தனியாக வைக்கிறார். டம்ளரைத் தனியாக வைக்கிறார். மகளுக்கு முத்தம் தருவதை நிறுத்திவிட்டார். மனைவியிடம் முதுகுவலி என்று சொல்லிக் கூடத்தில் பாய் விரிக்கிறார். மனைவி வேறொரு கணக்குப் போட்டுக்கொள்கிறார், அதுவும் பாதி சரி பாதி தப்பு. எந்தக் கிருமியும் நுழையாத அந்த வீட்டில் நோயாளி வீட்டின் எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. முதலாளி வரவே இல்லை, குத்தகையை நீங்கள் வசூலித்துவிட்டீர்கள்.

நண்பர்கள் தேற்றுகிறார்கள். “ஒண்ணும் இல்லண்ணே, விடுங்கலா” என்கிறான் ஒருவன். நூறு முறை கேட்டால் நூறு முறை சொல்கிறான். அவனுக்குத் தெரியாது, அவன் உங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறான் என்று. பால் சல்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1986-இலேயே இதை எழுதிவிட்டார்கள். உடல்நலக் கவலை உள்ளவரைத் திரும்பத் திரும்பத் தேற்றினால் கவலை தணிவது சிறிது நேரத்துக்குத்தான். பிறகு அது முன்னிலும் பசியோடு திரும்பி வரும். தேறுதல் கேட்பதே அந்த நோயின் ஒரு வேலை. டாக்டரின் “ஒன்றுமில்லை”, லேப்பின் “நெகட்டிவ்”, நண்பனின் “விடுங்கலா” மூன்றும் உங்கள் தட்டில்தான் விழுகின்றன. எதிரி கையால் உண்டு கொழுக்கும் சாமர்த்தியத்தை அர்த்தசாஸ்திரம் எழுதியவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

1986 உங்களுக்கு நல்ல ஆண்டு. மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று பதிவானது அந்த ஆண்டுதான். இந்தியாவில் முதன்முதலாக அது கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த ஆண்டுதான், அதுவும் சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. பாலியல் தொழில் வழக்கில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய், கையுறை இல்லாமல், தானே ரத்தம் எடுத்தார். சீரத்தைப் பிரித்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். ஐஸ் பெட்டியில் போட்டு, கணவரோடு இரவு ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. கிருமியை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த அந்த அம்மையாரிடம் உங்கள் பருப்பு வேகவில்லை. அந்த அவமானத்தை மறக்கத்தான் மசாஜ் சென்டர் வாசலில் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஒரு கேள்வி வந்தது, “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” கேட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள், விழிப்புணர்வுக்காக. டீக்கடையில் பேச்சானது, பட்டிமன்றத்தில் நகைச்சுவையானது. கேள்வியோடு நின்ற விளம்பரத்துக்கு விடை எழுதும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். வரும். புள்ளிராஜாவுக்கு வராவிட்டாலும் உனக்கு வரும்.

உங்களுக்கு இந்த ஊர் புதிதல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கேம்பல் தெருவும் சிந்த்ரா தெருவும் விலைமாதர் விடுதிகளுக்குப் பெயர்போன காலத்தில் மேகநோய்க்காக உழைத்தீர்கள். 1870-இல் நீரிணைக் குடியேற்ற அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்து, விடுதிப் பெண்களைப் பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு இழுத்தது. அங்கே போன ஆண்களைப் பரிசோதிக்க எந்தப் பிரிவும் இல்லை. நோய் பெண்ணிடமிருந்து புறப்படுகிறது, ஆண் வெறும் பயணி என்ற அந்தச் சட்டத்தின் தத்துவம் சட்டம் செத்த பிறகும் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பெனிசிலின் வந்து மேகநோயின் கொட்டத்தை அடக்கியதும் வேலை போயிற்று என்று நினைத்தார்கள். முதலாளியை மாற்றிக்கொண்டு அதே தெருவில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

நான் மிகவும் மெச்சும் திறமை இதுதான்: உங்கள் ஒழுக்க அறிவு. கிருமிக்கு ஒழுக்கம் தெரியாது, எந்தத் திரவம், எவ்வளவு, எந்த வழி என்று மட்டுமே கேட்கும். நீங்கள் கேட்பது வேறு. அந்தப் பெண் எந்த நாட்டுக்காரி? எவ்வளவு பணம் கொடுத்தாய்? விளக்கு என்ன நிறம்? நம் சூப்பர்வைசருக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு காதல் இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண், கோயில் கமிட்டிக்காரர் மகள். இரண்டு வருடம், ஆணுறை என்ற பேச்சே இல்லை. கணக்குப்படி பார்த்தால் அவர் சோதனை செய்திருக்க வேண்டியது அப்போதுதான். அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீர்களா? இல்லை. கோயில் கமிட்டி என்ற நற்சான்றிதழை மதித்து ஒதுங்கி நின்றீர்கள். ஒரு விரல் நகத்துக்கு மட்டும் ஓராண்டாக முகாமிட்டிருக்கிறீர்கள். அவர் பயப்படுவது நோய்க்கல்ல என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “தப்புச் செய்துவிட்டேன்” என்று மனைவியிடம் சொல்ல முடியாத வார்த்தை, “நோய் வந்துவிட்டது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தையாக மாறியிருக்கிறது. குற்றவுணர்ச்சிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி ஸ்டெதஸ்கோப் கொடுத்தது நீங்கள். அந்த வேடத்தில் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இவ்வளவு வேலைக்கிடையே சில இடங்களுக்கு உங்களால் போக முடியவில்லை. குறை சொல்லவில்லை. மலேசியாவில் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் பதிவான தொற்றுகளில் பெரும்பகுதி போதை ஊசியைப் பகிர்ந்தவர்களுடையது. அங்கே நீங்கள் போய் நின்றிருந்தால் ஒரு பயன் இருந்திருக்கும். போகவில்லை. ஊசிக்கு ஊசி மாற்றித் தரும் திட்டம் 2006-இல் தொடங்கியபோது அதற்காகத் தெருவில் அலைந்தவர்கள் சமூகப் பணியாளர்கள். அந்த வழித் தொற்று அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது, மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதல் நாடாக. கர்ப்பிணிகளுக்குச் சோதனையும் மருந்தும் தவறாமல் கொடுத்த தாதியர் சாதித்தது அது. இரண்டிலும் உங்கள் பங்கு என்று ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

தொற்றாளர் ஒருவர் மருந்து ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் அவரிடமிருந்து உடலுறவில் பிறருக்குத் தொற்றாது. 2019-இல் லான்செட்டில் வந்த பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் பகுதியில் 782 ஆண் ஜோடிகள், ஆணுறையில்லாத உறவு 76,000 முறைக்கு மேல், மருந்து எடுக்கும் இணையரிடமிருந்து தொற்றியது சுழியம். எங்கள் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் முதல் வரிசை மருந்து குடிமக்களுக்கு இலவசம். ஆகவே கிருமி அந்த அளவுக்கு அடங்கிய தொற்றாளரிடம் இன்று படுக்கையில்கூட ஆபத்தில்லை. அவரோடு ஒரே தட்டில் சாப்பிட மறுக்கும்படி ஊருக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள். கிருமியிடம் ஆயுதம் பிடுங்கப்பட்ட பிறகும் அந்த மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைக்கும் உங்கள் விசுவாசத்துக்கு ஈடு இல்லை.

தமிழ்நாட்டுச் சாத்தூரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் அந்த ஊர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்ஐவி இருந்தது. தொற்றுள்ள ரத்தம் ஏற்றினால் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 9,250. இதுதான் உண்மையான ஆபத்து, பரிசோதனை செய்திருக்க வேண்டியவர்கள் தவறவிட்டது. ரத்தம் கொடுத்தவர் இருபது வயதுகூட ஆகாத இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். அறிந்ததும், “என் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம்” என்ற பொருளில் தானே முன்வந்து தகவல் சொன்னார். இத்தனை பேர் கைநழுவவிட்ட கடமையைச் செய்த ஒரே ஆள் அவர். செய்தி பரவியது. அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கிருமிக்கு அவரைக் கொல்லப் பல ஆண்டு ஆகியிருக்கும், மாத்திரை எடுத்திருந்தால் முடிந்தே இருக்காது. உங்களுக்கும் உங்கள் தங்கை அவமானத்துக்கும் சில நாள் போதுமானதாக இருந்தது. வேகத்துக்கு என்று ஒரு விருது இருந்தால் உங்களைத் தவிர யாருக்குக் கொடுப்பது?

உங்களுக்கு எதிராகச் சிலர் வேலை செய்வதாகக் கேள்வி. பிரிட்டனில் மருத்துவமனைகளுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த உடல்நலக் கவலைக்காரர்கள் 444 பேரை வைத்து பீட்டர் டைரர் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் ஓர் ஆய்வு செய்து 2014-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். ஐந்திலிருந்து பத்து அமர்வு பேச்சு சிகிச்சை கொடுத்ததில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் பேர் தேறினார்கள், இரண்டு ஆண்டு கழித்தும் அது நிலைத்தது. அந்தச் சிகிச்சையில் என்ன சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? உங்களோடு வாதாடாதே என்கிறார்கள். விதிப்படி ஒரு சோதனை, உரிய நாளில், அதோடு சரி. இரண்டாவது தாள் வாங்காதே. நண்பனிடம் கேட்காதே. நாக்கைப் பார்க்காதே. “வந்திருக்குமோ” என்ற எண்ணம் வந்தால் வரட்டும், அதற்குப் பதில் தேடி எழுந்து போகாதே. இத்தனை ஆண்டு சேவை செய்த ஒரு பெரியவரை எதிர்த்துப் பேசினாலாவது மரியாதை, பேச்சே கொடுக்காமல் உட்கார வைக்கிறார்களாம். நம் சூப்பர்வைசரும் போன வாரம் அப்படி ஓர் இடத்துக்குப் போய்வந்திருக்கிறார். கழுத்தில் கை வைக்காமல் ஒரு வாரம் இருந்து பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வைக்கவில்லை, வலி போய்விட்டது. உங்களைக் கலந்து பேசாமல் இப்படிச் செய்வது எவ்வளவு பெரிய நன்றிகெட்டதனம்! நீங்கள் உடனே ஒரு மனு எழுதுங்கள் ஐயா, கையெழுத்துப் போட இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.